அழுகுணி ஆட்டமும் நியாயமும்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளோடு பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொடக்கப் பள்ளி வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், விளையாட்டுப் பயிற்சியோ மாலை வகுப்போ நடத்தக் கிளம்பியவர்கள், மூத்த பிள்ளைக்கு இப்போதுதான் ஆறு வயது நிறைந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதியது இது. இந்த வயதில் பிள்ளைகள் கூட்டாளி சேர்ப்பார்கள், காய் விடுவார்கள், பழம் விடுவார்கள், எது நியாயம் என்று நாள் முழுக்க வாதாடுவார்கள். பெரியவர்களுக்கு அது தலைவலிதான். ஆனால் நல்லது கெட்டது பற்றிய உணர்வு பெரும்பாலும் அந்த வாதாட்டத்துக்குள்தான் வளர்கிறது. நாம் நிற்கவைத்துச் சொல்லும் அறிவுரைக்கு அதில் பங்கு குறைவு. அதனால் கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் கேட்கும் வேலை, பார்க்கும் வேலை.

வயது குறிப்பிடும் இடங்களில் எல்லாம் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: விளையாட்டை வேடிக்கை பாருங்கள்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, பிள்ளைகள் ஒழுக்கத்தைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று அறிய கோலிக்குண்டு ஆடும் சிறுவர்களிடம் போனார். ‘எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடு’ என்று கேட்டு அவர்களோடு ஆடினார். 1932இல் வெளிவந்த அவருடைய நூல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகள், விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, அதை யாரும் மாற்ற முடியாது என்றார்கள். சொன்ன கையோடு அதே விதியை மீறியும் ஆடினார்கள். பத்து வயதை ஒட்டியவர்கள், ‘எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்’ என்றார்கள், ஆனால் ஒத்துக்கொண்ட விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டார்கள்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு வாரத்துக்குத் தினமும் கொஞ்ச நேரம் மைதானத்து ஓரத்தில் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். மூன்றே விஷயங்களைக் குறித்தால் போதும்: விதியை யார் சொல்கிறார், தகராறு வந்தால் எப்படித் தீர்கிறது, ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது யார். அடிதடி வந்தால் ஒழியக் குறுக்கே போகாதீர்கள்.

‘கோட்டை மிதிச்சா அவுட்’ என்று கத்துகிற ஏழு வயதுப் பையன், அடுத்த ஆட்டத்தில் தானே மிதித்துவிட்டு ‘நான் மிதிக்கவே இல்ல’ என்பான். அழுகுணி என்று மற்றவர்கள் சொல்வார்கள். நீங்கள் அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம். விதி எல்லாருக்கும் பொது என்பது அவன் வாயில் வந்துவிட்டது, காலுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பக்கத்திலேயே பத்து வயதுக் கூட்டம் ஒன்று, ‘இவன் சின்னவன், இவனுக்கு ரெண்டு சான்ஸ்’ என்று பேசி முடிவெடுத்துக்கொண்டிருக்கும். பெரியவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அங்கே ஒரு சட்டத் திருத்தம் நடக்கிறது. அதற்குள் புகுந்து விசில் ஊதி ‘நான் சொல்றதுதான் ரூல்’ என்றால், ஆட்டம் ஒழுங்காக நடக்கும், அவர்கள் பழகிக்கொண்டிருந்தது நின்றுபோகும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலோர் கெடுப்பது இந்த இடத்தைத்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது: செயலைவிடக் காரணத்தைக் கேளுங்கள்

பியாஜே பிள்ளைகளிடம் இரண்டு கதைகள் சொன்னார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைந்துபோகின்றன. இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி, ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். வயது ஏற ஏற, நோக்கம் என்ன என்று பார்க்கத் தொடங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள், நோக்கத்தைக் கதையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் இன்னும் சிறியவர்களும் அதைக் கணக்கில் எடுப்பதைக் கண்டார்கள். இதில் நமக்கு உடனே உதவுவது ஒன்று உண்டு. சிறிய பிள்ளைகளிடம் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘அவள் உன் பெட்டியைத் தட்டிவிட்டது தெரியாமல், திரும்பியபோது கை பட்டுவிட்டது’ என்று சொன்னால் சண்டை பாதியில் அடங்கும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் கோல்பர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வில் 10, 13, 16 வயதுப் பையன்களிடம் சங்கடமான கதைகளைச் சொல்லிப் பதில் கேட்டார். சாகக் கிடக்கும் மனைவிக்காக மருந்தைத் திருடலாமா என்பது அவற்றில் பிரபலமானது. திருடலாம், கூடாது என்ற பதில் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. ஏன் என்று சொன்ன காரணத்தை வைத்தே படிநிலை பிரித்தார். அவர் பையன்களை மட்டுமே வைத்து அளந்தார், அக்கறை என்ற கோணத்தை விட்டுவிட்டார் என்று கேரல் கில்லிகன் 1982இல் எதிர்க்கேள்வி எழுப்பினார். அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டும் கோல்பர்க்கின் அடிப்படைப் பாடத்தைப் பயன்படுத்தலாம். நான்கு பிள்ளைகள் பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்க்கவில்லை என்று வையுங்கள். ஏன் என்று கேட்டால்:

‘மாட்டிக்குவேன்.’
‘நான் அவனோடதைப் பார்த்தா, அவன் என்னோடதைப் பார்ப்பான்.’
‘டீச்சர் என்னை நல்ல பொண்ணுன்னு நினைச்சிருக்காங்க.’
‘படிச்சுட்டு வந்தவங்களுக்கு அது அநியாயம்.’

நான்கு பேர் செய்ததும் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு வேறு. முதல் பிள்ளையிடம் போய் சமுதாயம், மனசாட்சி என்று பேசினால் தலைக்கு மேல் போய்விடும். அவர்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு படி மேலே மட்டும் பேசுங்கள். மாட்டிக்குவேன் என்பவனிடம், ‘சரி, உன் தாளை ஒருத்தன் பார்த்து எழுதி உன்னைவிட அதிக மார்க் வாங்கினா உனக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்டாலே போதும்.

கேள்வி கேட்கும் முறையும் ஒன்று உண்டு. ‘ஏன் இப்படிச் செஞ்ச?’ என்பது இந்த வயதின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். பதிலுக்குச் சாக்கு வரும், இல்லையென்றால் மௌனம். இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்: என்ன நடந்துச்சு? அப்போ உனக்கு என்ன தோணுச்சு? அவளுக்கு என்ன தோணியிருக்கும்? இப்போ என்ன பண்ணலாம்? மூன்றாவது கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளை ‘தெரியல’ என்றால் அது திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றவருக்கு வேறு எண்ணம் இருக்கும் என்று அதற்குத் தெரியும். அவர் இடத்தில் நின்று தன்னைத் திரும்பிப் பார்ப்பது எட்டு வயதை ஒட்டித்தான் கைவரும், நடுநிலையான மூன்றாவது ஆளின் பார்வை இன்னும் தள்ளி. ராபர்ட் செல்மன் இந்த வளர்ச்சியைப் படிப்படியாக வரைந்து காட்டியிருக்கிறார்.

மூன்றாவது: உங்கள் விதிகளைத் தரம் பிரியுங்கள்

ஒரு தாளில் நீங்கள் பிள்ளைகளிடம் தினமும் சொல்லும் ‘கூடாது’களை எல்லாம் எழுதுங்கள். அடிக்கக் கூடாது, வரிசையில் பேசக் கூடாது, பொருளை எடுக்கக் கூடாது, சாய்ந்து உட்காரக் கூடாது, அவனோடு சேரக் கூடாது, எல்லாம். அப்புறம் மூன்றாகப் பிரியுங்கள். மற்றவருக்கு வலி, இழப்பு, அநியாயம் தருபவை ஒரு பக்கம். ஒரு இடம் ஒழுங்காக நடப்பதற்காக நாம் ஏற்படுத்திய வழக்கங்கள் இன்னொரு பக்கம். அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம் மூன்றாவது. எலியட் துரியல் 1983இல் விரிவாக எழுதிய பிரிவு இது.

பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் ஏற்கனவே தெரியும் என்பதுதான் சுவாரசியம். ‘இன்னிக்கு வகுப்புல பேசலாம்னு டீச்சர் சொல்லிட்டா பேசலாமா?’ என்று கேளுங்கள், ‘ஓ, பேசலாமே’ என்பார்கள். ‘பக்கத்துல இருக்கறவனை அடிக்கலாம்னு டீச்சர் சொல்லிட்டா?’ என்று கேட்டால் முகம் மாறும். ‘சொன்னாலும் தப்புதான், வலிக்கும்ல!’ என்பார்கள். பள்ளிக்கு வராத சின்னஞ்சிறுசுகளே இப்படிப் பிரிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே சாய்ந்து உட்கார்ந்ததற்கும் அடித்ததற்கும் ஒரே குரலில் கத்தினால் பிள்ளைகள் நம்மைத்தான் குறைத்து மதிப்பிடுவார்கள். வழக்கத்தை மீறினால் ‘இங்கே இப்படித்தான் செய்வோம்’ என்று சாதாரணமாகச் சொல்லி நகருங்கள். வலி கொடுத்தால் நின்று பேசுங்கள். மூன்றாவது வகையில் இருப்பவற்றில் முடிந்தவரை தலையிடாதீர்கள். யாரோடு சேருவது, என்ன வரைவது என்பதெல்லாம் பத்து வயதுக்கு மேல் அவர்கள் உரிமை என்று நினைக்கும் இடம். கை வைத்தால் சண்டை நிச்சயம்.

நான்காவது: கண்டிக்கும்போது அடிபட்டவரைக் காட்டுங்கள்

மார்ட்டின் ஹாஃப்மன் பெற்றோர் கண்டிக்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்: அதிகாரத்தைக் காட்டுவது, ‘இனி உன்னோடு பேசமாட்டேன்’ என்று அன்பை விலக்குவது, செய்ததன் விளைவு மற்றவருக்கு என்ன ஆயிற்று என்று விளக்குவது. மூன்றாவதை அதிகம் கையாளும் வீட்டுப் பிள்ளைகளிடம் குற்ற உணர்வும் அக்கறையும் நன்றாக வேரூன்றுவதைத் தொடர்ந்து பல ஆய்வுகள் கண்டன. மிரட்டல் அப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் பிள்ளையின் கவனம் முழுக்க ‘எனக்கு என்ன ஆகும்’ என்பதிலேயே நின்றுவிடும்.

‘போய் சாரி சொல்லு’ என்று பிடரியைப் பிடித்துத் தள்ளுவதும் அப்படித்தான். சாரி வரும், எரிச்சலோடு வரும், வாங்குபவருக்கும் அது தெரியும். அதைவிட இப்படிப் போகலாம்:

‘அவன் கட்டின கோபுரம் காலையிலிருந்து கட்டினது. இப்போ பாரு, மூஞ்சி எப்படி இருக்குன்னு.’
‘நான் சும்மாதான் தள்ளினேன்.’
‘சும்மாதான் தள்ளின, சரி. அவனுக்கு என்ன போச்சு?’
‘...எல்லாம் போச்சு.’
‘நீ என்ன செஞ்சா கொஞ்சமாவது சரியாகும்?’

பெரும்பாலும் ‘திரும்பக் கட்டிக்கொடுக்கறேன்’ என்று பதில் வரும். வரவில்லை என்றால் பாதிக்கப்பட்டவனையே கேளுங்கள். ‘இவன் என்ன செஞ்சா உனக்குச் சரியா இருக்கும்?’ சில சமயம் அவன் ‘ஒண்ணும் வேணாம், தள்ளிப் போனா போதும்’ என்பான், அதுவும் செல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பேரும் கொதித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு எடுபடாது. முதலில் பிரித்து உட்காரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள், அப்புறம் பேசுங்கள். தனியாகப் பேசுங்கள். கூட்டத்துக்கு நடுவே பேசினால் அது விசாரணை.

ஐந்தாவது: பங்கு பிரிப்பதை அவர்களிடமே விடுங்கள்

ஐந்து ஆறு வயதில் நியாயம் என்றால் ஆளுக்கு ஒன்று, சரிசமம். கொஞ்சம் வளர்ந்ததும் ‘அவள்தான் அதிகம் வேலை செஞ்சா, அவளுக்கு அதிகம்’ என்று உழைப்பைக் கணக்குப் பார்ப்பார்கள். எட்டு வயதுவாக்கில் ‘அவனுக்கு நேத்து கிடைக்கல, இன்னிக்கு அவனுக்குக் கூடக் கொடுக்கலாம்’ என்று தேவையையும் சேர்ப்பார்கள். வில்லியம் டேமன் 1970களில் விவரித்த வரிசை இது. மூன்று வகை நியாயமும் உள்ள கலப்பு வயதுக் கூட்டத்தில் சண்டை வராமல் எப்படி இருக்கும்? எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொருவர் கணக்கையும் சத்தமாகச் சொல்லவையுங்கள். இரண்டு பேருக்குள் என்றால் ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிப்பவரின் துல்லியத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆறாவது: நட்பில் யார் விடுபடுகிறார் என்று பாருங்கள்

முதல் வாரத்தில் எழுதிய நோட்டை இப்போது எடுங்கள். 1982இல் ஜான் கோயியும் கென்னத் டாட்ஜும் சக ஆய்வாளரும், வகுப்பில் ‘யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது’ என்று கேட்டு பிள்ளைகளின் நிலையைப் பிரித்தார்கள். பலருக்குப் பிடித்தவர், பலர் ஒதுக்குபவர், யார் கண்ணிலும் படாதவர், பாதிப் பேருக்குப் பிடித்து பாதிப் பேருக்குப் பிடிக்காதவர், சராசரியானவர். இந்தக் கேள்வியை நீங்கள் வகுப்பில் கேட்கவேண்டாம், புண்படும். ஆனால் ஒதுக்கப்பட்டவரையும் கண்ணில் படாதவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமைதியாக ஒரு மூலையில் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு நெருங்கிய தோழி இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கூட்டமாகச் சேர்ந்து தள்ளிவைக்கப்படும் பிள்ளைக்குத்தான் உதவி அவசரம், ஏனென்றால் அந்த நிலை அடுத்த வருடமும் தொடரும் தன்மை கொண்டது.

ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலர் முரட்டுத்தனம் உள்ளவர்கள். எதேச்சையாக ஒருவன் இடித்தாலும் ‘வேணும்னே இடிச்சான்’ என்று எடுத்துக்கொள்வார்கள். டாட்ஜ் 1980இல் காட்டிய சாய்வு இது. திருப்பி அடிப்பார்கள், அதனால் இன்னும் ஒதுக்கப்படுவார்கள், ‘பார்த்தியா, எல்லாருக்கும் என்மேல கடுப்பு’ என்று உறுதியாகிவிடும். சண்டை இல்லாத நேரத்தில் இதை விளையாட்டாகப் பழக்கலாம். ‘வராண்டாவில் ஒருத்தன் உன்மேல மோதிட்டுப் போறான், திரும்பிப் பார்க்கல. என்ன காரணமா இருக்கும்? நாலு காரணம் சொல்லு.’ முதல் காரணம் ‘திமிரு’ என்றுதான் வரும். விடுங்கள். இரண்டாவது, மூன்றாவது காரணத்துக்காகத்தான் இந்த ஆட்டமே. ‘பாத்ரூம் அவசரம்’ என்று யாராவது சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆட்டத்தில் சேரத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் நேராகப் போய்ப் பந்தைப் பிடுங்குவார்கள், அல்லது ‘நான் இதைவிட நல்லா ஆடுவேன்’ என்பார்கள். சேரத் தெரிந்தவர்கள் செய்வதைக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும்: கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்ப்பார்கள், ஓடிப்போன பந்தை எடுத்துக் கொடுப்பார்கள், ஆட்டத்தைப் பற்றியே ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார்கள், அதற்குள் உள்ளே இருப்பார்கள். இதை அப்படியே ஒத்திகை பார்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ‘போய் எல்லாரோடும் நட்பா இரு’ என்பதை எப்படிச் செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

குழு பிரிப்பதிலும் கவனம் வேண்டும். முசாபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் பதினோரு வயதை ஒட்டிய 22 பையன்களை இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். சில நாட்களில் கொடி எரிப்பும் அறைக்குள் புகுந்து கலாட்டாவும் ஆரம்பித்துவிட்டன. சேர்ந்து சாப்பிடவைத்தும் பகை தணியவில்லை. தண்ணீர்க் குழாய் அடைப்பைக் கண்டுபிடிப்பது போல, இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் வந்த பிறகுதான் இறங்கியது. பிள்ளைகளை ஏமாற்றி நடத்திய அந்த முகாமை இன்று யாரும் அனுமதிக்கமாட்டார்கள். பாடம் மட்டும் நமக்கு: நிரந்தர அணிகள் வேண்டாம், அடிக்கடி கலையுங்கள்.

ஏழாவது: கேலியும் கொடுமையும்

இதில் நீக்குப்போக்கு வேண்டாம். சம பலமுள்ள இருவர் சண்டையிட்டால் சமாதானம் பேசலாம். ஒருவரைப் பலமுள்ளவர் திரும்பத் திரும்பக் குறிவைத்தால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள், பயந்தவர் இன்னும் பயப்படுவார். தனித்தனியாகப் பேசுங்கள். அடி உதை மட்டும் கொடுமை என்று எண்ணவும் கூடாது. வதந்தி, ‘அவளோடு யாரும் பேசாதீங்க’ என்ற உத்தரவு, கைபேசிக் குழுவிலிருந்து நீக்குவது எல்லாம் இதில் சேரும். இவை சத்தம் போடாததால் நம் கண்ணில் படுவதில்லை.

பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம்தான் திறவுகோல் இருக்கிறது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் கொடுமைப்படுத்துபவர், துணைபோகிறவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பவர் என்று வகுப்பே இதில் பங்குபெறுவதைக் காட்டினார். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், சக பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை 10 வினாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. ஆனால் குறுக்கிட்டவர்கள் குறைவு. எனவே ‘எதிர்த்து நில்’ என்று மட்டும் சொல்லாமல் சிறிய வேலைகளாகக் கொடுங்கள்: சிரிக்காதே, அவளை ‘வா, போலாம்’ என்று கூட்டிக்கொண்டு நகரு, பெரியவரிடம் வந்து சொல்லு. வந்து சொல்பவரைக் கோள் சொல்லாதே என்று திருப்பி அனுப்பினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி என்று முன்கூட்டியே பிள்ளைகளோடு பேசிவையுங்கள்.

பொய், பரிசு: இரண்டு சின்னக் குறிப்புகள்

உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததைக் கேள்வியாகக் கேட்டுப் பொறி வைக்காதீர்கள். சுவரில் கிறுக்கியவன் யார் என்று தெரிந்தால், ‘நீதான் கிறுக்கினாய், எப்படித் துடைக்கலாம்?’ என்று தொடங்குங்கள். உண்மை சொன்னவரைத் திட்டுவதைவிட, சொன்னதற்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, செய்ததைச் சரிசெய்யவையுங்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வில், பொய் சொன்னவன் தண்டனை பெறும் கதை கேட்ட சிறு பிள்ளைகளைவிட, உண்மை சொன்னவன் பாராட்டுப் பெறும் கதை கேட்டவர்கள் அதிகம் உண்மை பேசினார்கள்.

நல்லது செய்வதற்கெல்லாம் ஸ்டார், ஸ்டிக்கர் வேண்டாம். தானாக உதவுகிற பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால், பரிசு நிற்கும்போது உதவியும் நிற்கலாம். ‘நீ தூக்கிக் கொடுத்ததால் அவள் பஸ்ஸைப் பிடிச்சா’ என்று விளைவைச் சொன்னால் போதும்.

எப்போது வேறொருவர் உதவி தேவை

மேலே உள்ளவை எல்லாம் மாதங்கள் பிடிக்கும் வேலை. சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. விலங்குகளையோ சிறிய பிள்ளைகளையோ திரும்பத் திரும்ப வதைப்பது, காரணம் சொல்லாமல் பள்ளிக்கு வரமாட்டேன் என்று தினமும் அழுவது, நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று எல்லாரிடமிருந்தும் விலகுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்லது செத்துப்போகவேண்டும் என்று பேசுவது, உடம்பில் விளக்கம் இல்லாத காயங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பார்த்ததைத் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு, அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடமோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ போங்கள். காயம் வீட்டிலிருந்து வந்ததோ என்ற சந்தேகம் இருந்தால், வீட்டாரிடம் பேசுவதற்கு முன் குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பிள்ளை உங்களிடம் ரகசியமாகச் சொன்ன விஷயம் என்றால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு உதவக்கூடிய ஒருத்தரிடம் மட்டும் சொல்லவேண்டியிருக்கும், நானும் கூட இருப்பேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.